பாடசாலைப் பத்தி எழுத்துப் போட்டி: எதற்குப் புள்ளி போடுவது?

நடுவர்மேசை

எங்கள் பாடசாலை ஊடகக் கழகம் இந்த வருட ஊடக தினத்துக்குப் பத்தி எழுத்துப் போட்டி ஒன்று வைக்கிறது. கொழும்பில் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள், தரம் 10 முதல் 13 வரை. புள்ளித்திட்டம் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கையில் இருக்கும் பழைய திட்டம் இது: மொழிநடை 40, கருத்து 30, அமைப்பு 20, எழுத்துப்பிழை இல்லாமை 10. இதையே திரும்பவும் நடுவர்களிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

போன தடவை வந்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, பொலித்தீன் லஞ்ச் ஷீட் பற்றியது. பழம்பாட்டு வரியோடு தொடக்கம், நடுவில் கடலும் ஆமையும், முடிவில் "இந்த அரக்கனை அரசு உடனே தடைசெய்யட்டும்" என்று முழக்கம். வாசித்தால் கை தட்டத் தோன்றும். ஆனால் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017 செப்டெம்பர் 1ஆம் திகதியிலிருந்தே நம் நாட்டில் தடைசெய்தாகிவிட்டது. தடை இருந்தும் ஏன் இன்னும் சோற்றுப் பார்சல் அதில்தான் வருகிறது என்பதுதான் எழுத வேண்டிய பத்தி. அந்தப் பிள்ளை கடைக்காரர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாலே விஷயம் வெளியே வந்திருக்கும்.

இரண்டாவது, பாடசாலைக் கழிவறை பற்றி தரம் 11 மாணவி ஒருத்தி எழுதியது. நடை சாதாரணம், இரண்டு இடத்தில் ல, ள பிழை. ஆனால் தன் வகுப்பில் எத்தனை பேரின் தண்ணீர்ப் போத்தல் பின்னேரம் நிறைந்தபடியே வீட்டுக்குப் போகிறது என்று ஒரு கிழமை எண்ணியிருக்கிறாள். பூட்டு உடைந்த கதவுக்குப் போக விரும்பாததால் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. கதவுக்கு வெளியே ஒரு தோழி காவல் நிற்க வேண்டும், இடைவேளை அதற்கே போய்விடுகிறது. இப்படியே எழுதிக்கொண்டு போகிறாள்.

முதலாவதற்கு முதல் பரிசு. இரண்டாவதுக்கு ஒன்றுமில்லை. "பாடசாலையின் பெயருக்குப் பங்கம்" என்று ஒரு நடுவர் ஓரத்தில் எழுதியிருந்தார். இந்தத் திட்டத்தை எப்படி மாற்றலாம்? பத்திரிகையில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பழைய_சப்எடிட்டர்

மிஸ், நல்ல கேள்வி. தமிழ்த் தினசரி ஒன்றின் ஞாயிறு பக்கத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாசகர் பத்தி தபாலில் வந்தால் நாங்கள் முதலில் பேனாவால் கோடு போடுவது சரிபார்க்கக்கூடிய வசனங்களுக்குக் கீழேதான். திகதி, பெயர், "இதுவரை யாரும் செய்யவில்லை", "எல்லாப் பாடசாலைகளிலும்" மாதிரியானவை. கோடு போட்டு முடிந்ததும் பார்ப்போம். ஒரு கோடும் விழவில்லை என்றால் அது பத்தியே இல்லை, வெறும் உணர்ச்சி. விழுந்த கோடுகளில் பாதி பொய் என்றால் தலையங்கப் பக்கத்துக்கு அனுப்பவே மாட்டோம். இரண்டையும் தாண்டிய பிறகுதான் நடையைப் பற்றிப் பேச்சு.

சட்டத்திலும் இதே ஒழுங்குதான். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டத்தை 2002இல் நீக்கிவிட்டார்கள், ஆனால் சிவில் வழக்குப் போடலாம். அப்படி ஒரு வழக்கு வந்தால் "நியாயமான விமர்சனம்" என்று எதிர்வாதம் வைக்கலாம். அது நிற்க வேண்டுமானால் விமர்சனத்துக்கு அடியில் இருக்கும் சம்பவம் உண்மையாக இருக்க வேண்டும். கருத்து எவ்வளவு காரமாகவும் இருக்கலாம், அடித்தளம் பிழைத்தால் ஒன்றும் காப்பாற்றாது. பிள்ளைகளுக்கு இதைப் பதினாறு வயதிலேயே சொல்லிக் கொடுப்பதில் தப்பே இல்லை.

ஆகவே என் யோசனை: ஆதாரத்துக்கு 35. மொழிநடைக்கு 15 தாராளம்.

கொட்டாஞ்சேனைக்காரி

ஐயா சொல்வதில் பாதிக்கு உடன்பாடு, பாதிக்கு இல்லை. நான் பிள்ளைகளுக்குப் பேச்சும் விவாதமும் பழக்குகிறேன். மொழிநடையை 15க்கு இறக்கினால் அடுத்த வருடம் உங்களுக்கு வருவது திணைக்கள அறிக்கை மாதிரி இருக்கும். நம் பிள்ளைகள் ஏற்கெனவே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாசித்து, தமிழில் எழுதும்போது வசனம் உடைந்து நிற்கிறார்கள். கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை நல்ல தமிழில் இரண்டு பக்கம் எழுதினால் அதற்கே ஒரு மதிப்பு இருக்கிறது. அதைத் தட்டிவிடாதீர்கள்.

தவிர, பத்தி என்பது வாசகரை இழுத்து உட்காரவைக்க வேண்டிய எழுத்து. யாரும் வாசிக்காத உண்மையால் யாருக்கு என்ன பயன்?

தெஹிவளை_வாசகன்

அக்கா, நடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. எந்த நடைக்குப் புள்ளி என்பதுதான் கேள்வி. "அரக்கன்", "விஷப் பாம்பு", "சீர்கெட்ட சமுதாயம்" இவையெல்லாம் மேடையில் எடுபடும், ஏனென்றால் அங்கே குரல் இருக்கிறது, கை அசைகிறது. தாளில் வந்ததும் செத்துப் போகிறது. அந்தக் கழிவறைப் பத்தியில் நிறைந்தபடி வீட்டுக்குப் போகும் தண்ணீர்ப் போத்தல் என்று மிஸ் எழுதியதை வாசித்த உடனே எனக்கு என் மகளின் பை ஞாபகம் வந்தது. அதுவும் நடைதான். பார்த்ததைச் சரியாகச் சொன்ன நடை.

நான் பத்திரிகைக்காரன் இல்லை, கணக்காளன். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி கைபேசியில் பத்திகள் வாசிக்கிறவன். வாசகனாக ஒரு வேண்டுகோள்: நடுவர்கள் பத்தியின் கருத்தோடு தங்களுக்கு உடன்பாடா என்று பார்த்துப் புள்ளி போடக்கூடாது. இதை எழுத்திலேயே போடுங்கள். ஞாயிறு ரியூசனை நிறுத்த வேண்டும் என்று ஒரு பிள்ளை எழுதும், நிறுத்தக்கூடாது என்று இன்னொரு பிள்ளை எழுதும். இரண்டுக்கும் 80 விழ வாய்ப்பிருக்க வேண்டும். ரியூசன் நடத்தும் ஆசிரியரே நடுவராக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கம்பஸ்_பேப்பர்

தெஹிவளை அண்ணா சொன்னதற்கு ஓர் ஆதாரம் தருகிறேன். அமெரிக்காவில் புலிட்சர் பரிசை 1917இலிருந்து ஆசிரியர் தலையங்கத்துக்கும் கொடுத்து வந்தார்கள். அதற்கு நெடுங்காலமாக வைத்திருந்த அளவுகோல்கள் நான்கு: நடையில் தெளிவு, அற நோக்கம், பிசகில்லாத தர்க்கம், பொதுசன அபிப்பிராயத்தை எழுதுபவர் சரியென்று கருதும் திசையில் நகர்த்தும் வலு. கடைசி அளவுகோலைக் கவனியுங்கள். நடுவர் சரியென்று கருதும் திசை எது என்று யாரும் கேட்கவில்லை.

நடைக்குக் கேட்டதும் தெளிவுதான், அலங்காரம் இல்லை.

நியூயோர்க் டைம்ஸ் பாடசாலை மாணவர்களுக்கு நடத்திய தலையங்கப் போட்டியில் 450 சொற்களுக்கு மேல் போகக்கூடாது, எங்கிருந்து தகவல் எடுத்தீர்கள் என்று மூலங்களையும் கொடுக்க வேண்டும், அதில் ஒன்றாவது வேறு வெளியீட்டிலிருந்து வர வேண்டும். இந்த இரண்டையும் நீங்கள் அப்படியே எடுக்கலாம் மிஸ். சொல் எல்லை இறுக்கமாக இருந்தால் ஆமையும் கடலும் தானாகவே கழன்றுவிடும்.

13ஆம்_ஆண்டு_மீடியா

வணக்கம். நான் ஏ.எல்.லுக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுக்கிறேன். போன தடவை நானும் இந்த மாதிரிப் போட்டி ஒன்றுக்கு எழுதினேன். பெரியவர்கள் எல்லாரும் ஆதாரம் ஆதாரம் என்கிறீர்கள், சரி. ஆனால் எங்கள் நிலைமையையும் கேளுங்கள். என் பாடசாலையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் பொறுப்பாசிரியர் பார்ப்பார், பிறகு பகுதித் தலைவர், பிறகு அதிபர். கன்டீன் விலை பற்றி எழுதிய பந்தியை வெட்டிவிட்டு "சிற்றுண்டிச்சாலை இன்னும் மேம்படலாம்" என்று ஒரு வசனம் போட்டுத் திருப்பித் தந்தார்கள். அந்த வசனத்துக்கு நான் எங்கே ஆதாரம் தேடுவது?

அதனால்தான் எல்லாரும் ஆமை பற்றி எழுதுகிறோம். ஆமை அதிபரிடம் முறையிடாது. லஞ்ச் ஷீட் எழுதிய பிள்ளைக்கும் உள்ளூர வேறு விஷயம் இருந்திருக்கும். தைரியமாக எழுதினால் புள்ளி குறையும், பாதுகாப்பாக எழுதினால் கேடயம் கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

பழைய_சப்எடிட்டர்

தங்கச்சி சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். மிஸ், புள்ளித்திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எழுத்து உங்கள் கைக்கு வரும் முன்னரே வெட்டுப்பட்டிருந்தால் நீங்கள் அளப்பது மாணவரின் எழுத்தை இல்லை, அதிபரின் பயத்தை.

கம்பஸ்_பேப்பர்

இந்தப் பிரச்சினை உலகம் முழுக்க இருக்கிறது தங்கச்சி, நீங்கள் தனியே இல்லை. அமெரிக்காவில் 1969இல் டிங்கர் வழக்கில் மாணவர்களின் பேச்சுரிமை பாடசாலை வாசலோடு நின்றுவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1988இல் ஹேசல்வுட் வழக்கில் அதே நீதிமன்றம், பாடசாலைப் பத்திரிகையில் மாணவிகளின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் விவாகரத்து பற்றியும் இருந்த பக்கங்களை அதிபர் நீக்கியது சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கலிபோர்னியா 1977லேயே மாணவர் பத்திரிகைகளைப் பாதுகாக்கச் சட்டம் போட்டிருந்ததால் அங்கே அந்தத் தீர்ப்பின் கை நீளவில்லை. ஹேசல்வுட்டுக்குப் பிறகு வேறு பல மாநிலங்களும் அதே வழியில் போயின.

நமது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சுச் சுதந்திரமும் வெளியீட்டுச் சுதந்திரமும் தருகிறது, வயது போடவில்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு தரம் 12 பிள்ளை அதிபரின் அறைக்குள் போகட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். போட்டி நடத்துகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கட்டுரையை மாணவரே நேரடியாக அனுப்பட்டும். பாடசாலை, "இவர் எங்கள் மாணவர்" என்று உறுதிப்படுத்தினால் போதும், உள்ளடக்கத்துக்குக் கையெழுத்து வேண்டாம். நடுவருக்குப் போகும் பிரதியில் பாடசாலைப் பெயரும் இருக்கக்கூடாது.

கொட்டாஞ்சேனைக்காரி

இந்த யோசனைக்கு என் முழு ஆதரவு. பாடசாலைப் பெயர் தெரிந்தால் நடுவரின் பேனா வேறு மாதிரி நகர்வதை நானே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, எதிர்த்தரப்பைக் கையாளுவது. விவாதத்தில் இதற்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவழிப்போம். பிள்ளைகள் பத்தியில் "சிலர் இதை மறுக்கலாம், ஆனால் அது தவறு" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். யார் அந்தச் சிலர்? அவர்கள் சொல்லும் நல்ல காரணம் எது? கழிவறை விஷயத்தையே எடுங்கள். பூட்டை மாற்ற மாற்றப் பிள்ளைகளே உடைக்கிறார்கள் என்று அதிபர் சொல்லலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் காசில் ஒரு சுத்திகரிப்பாளருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும் என்று செயலாளர் சொல்லலாம். இரண்டுமே பொய்யில்லை. அவற்றை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்படியிருந்தும் இது ஏன் முதல் வேலை என்று எழுதினால் அதிபரே வாசித்துவிட்டு யோசிப்பார். மிஸ், அந்த மாணவி இதைச் செய்தாளா?

நடுவர்மேசை

செய்யவில்லை அக்கா. அதிபரிடம் கேட்டதாக எதுவும் அதில் இல்லை. அந்த இடத்தில் அவளுக்குப் புள்ளி குறைவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பங்கம் என்று சொல்லிக் குறைப்பதும், மறுபக்கம் கேட்கவில்லை என்று குறைப்பதும் ஒன்றில்லை. இரண்டாவதைச் சொன்னால் அவள் அடுத்த பத்தியை நன்றாக எழுதுவாள். முதலாவதைச் சொன்னால் எழுதவே மாட்டாள்.

தெஹிவளை_வாசகன்

ஆதாரம் என்ற பெயரில் வேறொரு வியாதி வராமல் பார்க்க வேண்டும். "ஆய்வுகள் கூறுகின்றன", "90 வீதமான மாணவர்கள்" என்று எங்கிருந்தோ ஓர் எண். இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் எண், ஆய்வின் பெயர், பேராசிரியர் பெயர் எல்லாம் சேர்த்துக் கொட்டும். நடுவர் அசந்துபோய் ஆதாரப் புள்ளியை அள்ளிக் கொடுத்துவிடுவார். அந்த மாணவி தன் வகுப்பில் எண்ணிய தண்ணீர்ப் போத்தல் சிறிய ஆதாரம், ஆனால் அது அவளுடையது. என் கணக்கில் அதுதான் பெறுமதி கூடியது.

பழைய_சப்எடிட்டர்

அதற்கு வழி இருக்கிறது தம்பி. இறுதிச் சுற்றுக்கு வரும் பத்துப் பேரையும் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். கோடு போட்ட வசனங்களைக் காட்டி "இது எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். தானே போய்ப் பார்த்த பிள்ளைக்கு வாய் மூடாது. கடைக்காரர் என்ன சொன்னார், எந்தக் கடை, அன்று மழை பெய்தது வரைக்கும் சொல்லும். எங்கிருந்தோ எடுத்த பிள்ளை திரும்பத் தாளையே பார்க்கும். எந்த மென்பொருளும் இதைவிட நன்றாகக் கண்டுபிடிக்காது.

இன்னுமொரு விஷயம், யாரைக் குற்றம் சாட்டுகிறோம் என்பது. வெள்ளவத்தைக் கால்வாய் நாறுகிறது, மாநகர சபை தூங்குகிறது என்று எழுதுவார்கள். கொழும்பின் பிரதான கால்வாய்களைப் பராமரிப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். மாநகர சபைக்கு வீதிக் குப்பை எடுக்கும் பொறுப்பு இருக்கிறது, அந்தக் குப்பைதான் கால்வாய்க்குள் போகிறது என்று ஒருவர் வாதாடலாம், அது நியாயமான வாதம். ஆனால் யாருடைய வேலை எது என்று தெரியாமல் ஏசினால், ஏச்சு வாங்கியவர் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரு வரியில் கையைக் கழுவிவிடுவார். பொறுப்பான நிறுவனத்தைச் சரியாகப் பிடித்ததற்குத் தனியாக ஐந்து புள்ளி கொடுங்கள் மிஸ்.

13ஆம்_ஆண்டு_மீடியா

இதையெல்லாம் எங்கே தேடுவது ஐயா? இணையத்தில் ஆங்கிலத்தில் கொஞ்சம் இருக்கிறது, சிங்களத்தில் நிறைய இருக்கிறது, தமிழில் தேடினால் பழைய செய்திதான் வருகிறது.

கம்பஸ்_பேப்பர்

அது உண்மையான கஷ்டம். இரண்டு மூன்று வழி இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகள் பல மும்மொழியிலும் வருகின்றன. கல்வி அமைச்சின் பாடசாலைத் தொகைமதிப்பில் நீர் வசதி, கழிவறை வசதி பற்றியும் விபரம் எடுக்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவெடுக்க வேண்டும்.

ஆகவே மிஸ், தலைப்பை அறிவித்து இரண்டு கிழமையில் கட்டுரை கேட்காதீர்கள். குறைந்தது இரண்டு மாதம் கொடுங்கள். அவகாசம் தராமல் ஆதாரத்துக்கு 35 புள்ளி வைப்பது அநியாயம். சிங்கள மூலத்தைப் பிள்ளையே வாசித்து விளங்கித் தமிழில் சொல்லியிருந்தால் அந்த உழைப்பையும் நடுவர் பார்க்க வேண்டும்.

தெஹிவளை_வாசகன்

நடுவர்கள் எத்தனை பேர்? ஒருவர் 70 போட்டதற்கு இன்னொருவர் 40 போட்டால் கூட்டி இரண்டால் பிரித்து 55 என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த 55 இருவருடைய கருத்துமில்லை. அப்படி வித்தியாசம் வந்தால் இருவரும் உட்கார்ந்து பேசியே தீர வேண்டும் என்று விதி வையுங்கள்.

நடுவர்மேசை

எல்லாருக்கும் நன்றி. இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன், கழகப் பிள்ளைகளிடமும் காட்டினேன்.

ஆதாரமும் நேரில் தேடியதும் 30, அதற்குள் பொறுப்பானவரைச் சரியாகப் பிடித்ததற்கு 5. வாதம் தெளிவாகவும் ஒரே நிலைப்பாட்டிலும் இருப்பது 25. மறுபக்கத்தை அதன் நல்ல வடிவில் சொல்லிப் பதில் கொடுப்பது 20. மொழி 25, இதில் அலங்காரத்துக்கு என்று தனியாக எதுவும் இல்லை, தெளிவு, சொந்தக் குரல், கண்ணால் கண்ட விபரம் இவற்றுக்குத்தான். கொட்டாஞ்சேனை அக்காவுக்காக 15ஐ 25 ஆக்கியிருக்கிறேன், ஐயா கோபிக்க வேண்டாம். பிழைதிருத்தத்துக்குப் புள்ளி இல்லை, நடுவரே திருத்திக் கொடுப்பார். 500 சொல் எல்லை. மூலங்கள் தனித் தாளில். இரண்டு நடுவர்களுக்கும் இடையில் 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசித் தீர்க்க வேண்டும். அதற்கு முன்னர் பழைய கட்டுரைகள் மூன்றை எல்லா நடுவர்களும் ஒன்றாக இருந்து வாசித்துப் புள்ளி போட்டுப் பழக வேண்டும். இரண்டு மாத அவகாசம். கட்டுரை நேரடியாக எங்களுக்கு வரும். கருத்தோடு உடன்பாடா என்பதைப் பார்க்கக்கூடாது, பாடசாலையை விமர்சித்தால் புள்ளி குறைக்கக்கூடாது என்ற இரண்டும் படிவத்தின் முதல் வரிகளாக இருக்கும்.

மொத்தம் 100 மட்டுமட்டாக வருகிறதா என்று யாரும் கூட்டிப் பார்க்க வேண்டாம், வருகிறது. ஐந்து நிமிடப் பேச்சுக்குப் புள்ளி இல்லை. பிள்ளை தன் வசனத்துக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் ஆதாரப் புள்ளி திரும்பப் போகும், அவ்வளவுதான்.

13ஆம்_ஆண்டு_மீடியா

மிஸ், ஒன்று கேட்கலாமா? என் தோழி ஒருத்தி சொன்னதை எழுத வேண்டும், ஆனால் அவள் பெயர் வெளியே வரக்கூடாது. பெயர் போடாவிட்டால் ஆதாரம் இல்லை என்று கணக்கெடுப்பீர்களா?

பழைய_சப்எடிட்டர்

பத்திரிகையில் நாங்கள் செய்வது இதுதான் தங்கச்சி. பெயர் வாசகருக்குத் தெரியத் தேவையில்லை, ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்தியில் "தரம் 12 மாணவி ஒருத்தி" என்று எழுதலாம், ஏன் பெயர் போடவில்லை என்று அரை வசனத்தில் சொல்லலாம். ஆனால் அந்தத் தோழி சொன்னதை வைத்து இன்னொருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக்கூடாது. அப்படிச் சாட்டுவதென்றால் இரண்டாவது ஆள் ஒருவரும் அதையே சொல்ல வேண்டும், சாட்டப்பட்டவரிடமும் போய்க் கேட்க வேண்டும். எழுதி முடித்ததும் தோழியிடம் அவள் பகுதியை வாசித்துக் காட்டு. தான் யார் என்று அதில் தெரிகிறதா என்று அவளே சொல்லட்டும்.

நடுவர்மேசை

ஐயா சொன்னபடியே வைப்போம். மூலத் தாளை ஒட்டிய உறையில் போட்டுக் கொடுத்தால் போதும். அதை நான் மட்டுமே திறப்பேன், போட்டி முடிந்ததும் உறையோடு மாணவரிடமே திரும்பப் போகும். இதையும் படிவத்தில் சேர்க்கிறேன். வெள்ளிக்கிழமை பாடசாலைகளுக்கு அனுப்புகிறோம்.